பின்கட்டு குண்டு பல்பு

பட்டினச்சேரி
22.1.2025

அன்புள்ள அஞ்சுகத்துக்கு, முன்வீட்டுப் பூங்கொடி எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே எப்படி என்று கேட்கத்தான் இந்தக் காகிதம்.

எடுத்ததுமே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் நீ மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தை ஏற்றி, ஊர் பார்க்க உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே இந்த அக்காகிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன், இது சத்தியம்" என்றாய். பேசமாட்டேன் என்றுதானே சொன்னாய்? எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே. நான் தை பிறந்ததிலிருந்து இதை யோசித்துப் பார்த்துவிட்டேன். அம்மன் குற்றம் ஒன்றும் வராது. வந்தாலும் அணைத்தவளுக்குத்தான் வரும், எனக்கு வராது.

தூக்குவாளியில் பாறைமீன் குழம்பு இருக்கிறது. காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிமேல் கட்டியிருக்கிறேன். வாளியை நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற முருங்கையில் மாட்டுகிறேன். எடுத்துக்கொள். திருப்பி அனுப்பும்போது வெறும் வாளியாக அனுப்பாதே.

கேட்க வந்தது இதுதான். தம்பி தர்மராஜை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினதைக் கதவு இடுக்கில் பார்த்தேன். நீயும் ஆட்டோக்கார அஜ்மீரும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு போனீர்கள். படகைத் தனி ஆளாகத் தோள் கொடுத்துத் தள்ளினவன்.

அன்று சாயந்தரத்திலிருந்து என் பின்கட்டு பல்பு மங்கியே கிடக்கிறது. நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். இங்கிருந்து கிளம்புகிற ஒயர் என் பின்கட்டு பல்புக்குக் கொடுத்துவிட்டு, தென்னைமரம் வழியாக உன் வீட்டுக்கு வருகிறது. நீ மிக்ஸி போட்டால் என் பல்பு மங்கும், நிறுத்தினால் தெளியும். அது பழகினதுதான். இது அப்படி இல்லை. மங்கினால் மணிக்கணக்கில் மங்கினபடியே நிற்கிறது. என்ன மிஷின் வைத்திருக்கிறாய்? தம்பிக்கு என்ன?

பூங்கொடி


பின்வீடு
24.1.2025

மரியாதைக்குரிய பூங்கொடி அக்காவுக்கு, அஞ்சுகம் எழுதுவது.

குழம்பு கிடைத்தது. புளி தூக்கல். ஆனாலும் இவர் வழக்கத்தைவிட இரண்டு வாய் கூடச் சாப்பிட்டார். அதற்காகத்தான் இந்தப் பதில்.

அம்மனிடமே நீங்கள் சட்டம் பேசுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. பைபர் படகு தேய்க்கிற வேலைக்குப் போனாரே, அந்தத் தூசி பூராவும் நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காற்றைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிற மிஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். மூக்கில் குழாய். அது ஓடுகிற வரைக்கும் மனிதர் மனிதராக இருக்கிறார். பகலில் ஓடிவிடும். சாயந்தரம் தெருவில் எல்லோரும் மோட்டாரையும் டிவியையும் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்து, கீ கீ என்று கத்தி, நின்றுவிடும். நின்றால் இவர் உதடு நாவற்பழம் தின்றவர் மாதிரி ஆகிறது. நான் பனைவிசிறியை எடுத்து விசிறுகிறேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

மிஷின்காரர் வந்து பார்த்தார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டுக்குக் கரண்டுதான் பத்தல" என்று போய்விட்டார்.

தனி மீட்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கார்த்திகையில் கேட்டேன். "ஒரே மனைல ரெண்டு மீட்டரா? அப்ப ரெண்டு குடும்பமா? என் கை கையெழுத்துப் போடாது" என்று நீங்கள் சொன்னது தெருவுக்கே கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் கற்பூரத்தை அணைத்தேன்.

உங்கள் பேத்தி பாரதிப்ரியா இன்ஜினியருக்குப் படிக்கிறாள் என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறீர்களாம். அவள் வாங்கிக் கொடுத்த எல்.இ.டி. பல்பைப் பின்கட்டிலும் மாட்டினால் என்ன? அது மங்காது. நாங்கள் எப்போது மிக்ஸி போடுகிறோம் என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

வாளியில் முருங்கைக்கீரை வைத்திருக்கிறேன். ஆய்ந்ததுதான்.

அஞ்சுகம்


26.1.2025

அஞ்சுகத்துக்கு,

கீரையில் இரண்டு புழு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஆய்ந்திருக்கலாம்.

பல்பு விஷயத்தை விடு. எனக்கு மஞ்சள் வெளிச்சம்தான் கண்ணுக்கு ஒத்துக்கொள்கிறது.

நேற்று சாயந்தரம் நான் பிரிட்ஜ், பேன், டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன். என் வீட்டில் செலவாகாத கரண்டு உன் வீட்டுக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டேன். எதிர்வீட்டு சந்திரலேகா ஓடி வந்து, "என்ன பெரியம்மா, கரண்டு ஆபீஸ்ல பீஸப் புடுங்கிட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆமாண்டி, ஒன் வீட்டுக்கும் வர்றாங்க, ஓடு" என்று அனுப்பினேன்.

மகன் கவியரசன் கடலிலேயே பல நாள் தங்கல் போட்டுத் தொழிலுக்குப் போயிருப்பதால் நான் தனிதான். இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருட்டில் இருப்பேன். மிஷின் நின்றதா, ஓடியதா? அதை மட்டும் எழுது.

பூங்கொடி


27.1.2025

அக்காவுக்கு,

நின்றது. இன்றைக்கும் நின்றது.

பிரிட்ஜைப் போடுங்கள். மீன் கெட்டுப்போகும்.

அஞ்சுகம்


30.1.2025

அஞ்சுகத்துக்கு,

என்னால் உட்கார முடியவில்லை. சாயந்தரம் ஆனால் கால் தானாகப் பின்கட்டுக்குப் போகிறது. பல்பு மங்கியிருந்தால் மிஷின் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். திடீரென்று தெளிந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். வெளிச்சம் வந்தால் அழுகிறவளை நீ பார்த்திருக்கிறாயா? நான் அந்த நிலைமையில் இருக்கிறேன்.

அதனால் நிரவியிலிருந்து எலக்ட்ரீஷியன் காதர் பாட்சாவை வரச்சொன்னேன். மீட்டர்கிட்டே ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். பின்கட்டில் பார்த்தார். தென்னைமரத்தடியில் ஏணி போட்டுப் பார்த்தார்.

"கெளம்பும்போது நல்லாத்தான்மா கெளம்புது. வழியிலதான் தேயுது" என்றார்.

"தேயுறதுக்கு அது என்ன செருப்பா?" என்றேன்.

"செருப்பு மாதிரின்னே வச்சுக்கங்க. நடக்குற தூரம் கூடுனா தேய்மானமும் கூடும். ஒயரு ஒல்லியா இருந்தா இன்னும் கூடும். தேஞ்சதெல்லாம் சூடாப் போயிடும்."

"கரண்டு என்ன கால்ல நடந்தா போவுது? சுவிட்சப் போட்டா அடுத்த நிமிஷம் அங்க நிக்குது."

"நிக்குதும்மா, ஆனா பலம் இல்லாம நிக்குது" என்றவர், பின்கட்டுச் சுவரைப் பார்த்தார். "இது என்ன, படத்துக்கு மாலையா?"

அந்த ஒயர் சுருளைத்தான் கேட்டார். உனக்குத் தெரியும். நீங்கள் பின்வீட்டுக்குக் குடிவந்தபோது என் வீட்டுக்காரர், உன் மூத்தவர், வாங்கிவந்த ஒயர் அது. நம் மாமனார் தங்கையன் வீட்டில் புதுக் கயிற்றையோ தூண்டில் நரம்பையோ யாரும் பாதியில் வெட்டமாட்டார்கள். முழுசாக வாங்கினதை முழுசாகத்தான் கடலில் போடவேண்டும், அறுந்தால் கடலே அறுக்கட்டும், நாமாக வெட்டினால் தொழிலுக்கு ஆகாது. அந்தப் பழக்கத்தில் உன் மூத்தவர் ஒயரையும் வெட்டாமல், மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டார். அவர் போனபிறகும் நான் அதைத் தொடவில்லை. ஆயுதபூசைக்கு வருஷாவருஷம் சந்தனம் குங்குமம் வைக்கிறேன்.

காதர் பாட்சா தலையில் கை வைத்துக்கொண்டார். "இங்கேருந்து பின்வீடு கூப்புடு தூரம். ஆனா கரண்டு இந்தச் சுருள் பூரா சுத்திட்டுத்தான் அங்க போவணும். இருக்குற ஒயர்ல பாதிக்கு மேல ஆணியிலேயே தொங்குது. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக உன் வீட்டுக் கரண்டு என் வீட்டுச் சுவரில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

கத்தியை எடுத்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன். அவர் மாட்டினதை வெட்ட எனக்கு மனசு வரவில்லை, அஞ்சுகம். நான் ஒருத்தி சொல்லி வெட்டக்கூடாது. தம்பிக்கும் அது அண்ணன் கட்டினது. தம்பியிடம் கேட்டு எழுது. நாளைக்கே எழுது. காதர் பாட்சா மறுபடி வருகிறேன் என்று போயிருக்கிறார்.

பூங்கொடி


31.1.2025

அக்காவுக்கு,

உங்கள் காகிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். மூக்குக் குழாயோடு சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நான் பயந்து, பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

"அண்ணன் வெட்டக்கூடாதுன்னது கடலுக்குப் போற கயித்த. இந்த ஒயரு எந்தக் கடலுக்குப் போவுது? மூச்சு நின்னுச்சுன்னா நான் போவேன், அது போவாது. அண்ணிய வெட்டச் சொல்லு" என்றார். சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மூத்தவர் இருந்திருந்தால் கேட்கிறதுக்கு முன்னாலேயே வெட்டியிருப்பார்.

அஞ்சுகம்


6.2.2025

அஞ்சுகத்துக்கு,

மெயினை நிறுத்திவிட்டு நானே வெட்டினேன். காதர் பாட்சா இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான். வெட்டின சுருளைத் தூக்கிப் போடவில்லை. அதே ஆணியில் மாட்டிவிட்டேன். இப்போது தொட்டால் சில்லென்று இருக்கிறது.

மிஷின் இப்போது முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்று நீ எழுதினது சரி. ஆனால் நேற்று சாயந்தரம் பல்பு லேசாகத் தெளிந்ததே? எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நின்றுவிட்டது. நீ எழுதாமல் மறைத்தாய். பிறகு மறுபடி மங்கினபிறகுதான் நான் கஞ்சி குடித்தேன்.

காதர் பாட்சாவைத் திரும்பவும் பிடித்தேன். "நீளத்தக் கொறச்சாச்சு. இனிமே ஒயரோட தடிமனப் பாக்கணும். இது வைக்கோல் மாதிரி இருக்கு" என்றார். இதற்கு எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மாசிமகத்துக்குச் சாமிகள் கடற்கரைக்கு வரும்போது பெரிய ரோட்டில் கூட்டம் தானாக ஓடிவரும். அதே கூட்டம் நம் சந்தில் திரும்பினால் பல்லக்கும் முட்டும், ஆளும் முட்டும். அவ்வளவுதானே?

ஆனால் அடுத்து ஒன்று சொன்னார், அதை நான் நம்பவில்லை. ஒயரின் அகலம் இரண்டு மடங்கானால் தடங்கல் பாதி ஆகாதாம், கால்வாசி ஆகிவிடுமாம். "ரெண்டுக்கு ரெண்டுதானேய்யா? நாலு எங்கேருந்து வந்துச்சு? நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான், ஆனா வாய்ப்பாடு மறக்கல" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் தோசைக்கல்லைப் போட்டேன். ஒரு கரண்டி மாவில் ஒரு சாண் தோசை வந்தது. இரண்டு சாண் தோசைக்கு இரண்டு கரண்டி ஊற்றினேன். பற்றவில்லை. மூன்று ஊற்றினேன். ஓரம் வரவில்லை. நாலாவது கரண்டியில்தான் தோசை முழுசாக உட்கார்ந்தது. அடுப்பங்கரையில் தனியாக நின்று சிரித்தேன். பேத்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதத்தான் ஆச்சி எங்களுக்கு ஒரு வருஷமாச் சொல்லித் தர்றாங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, அவளைப் பற்றியா என்னைப் பற்றியா என்று தெரியவில்லை.

இனி முக்கியமானது. என் வீட்டிலிருந்து தடித்த ஒயர் இழுத்தாலும் பழைய மீட்டர் இரண்டு வீட்டுச் சுமையையும் தாங்காது என்கிறார். பின்சந்தில் கம்பம் உன் வாசலிலேயே நிற்கிறது. அங்கிருந்து தடித்த ஒயராக நேராக இழுத்தால் தூரமும் குறைவு. அதற்கு உனக்குத் தனி மீட்டர் வேண்டும்.

மனை இரண்டு வீட்டுக்கும் கூட்டாக இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் கொடுக்கமாட்டார்கள். காகிதம் வாளியில் இருக்கிறது. கையெழுத்துதான் போட்டிருக்கிறேன், ரேகை இல்லை. எழுத்து எப்படி இருக்கிறது என்று தம்பிக்குக் காட்டு.

கார்த்திகையில் நான் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மனை, ஒரே குடும்பம்தான். மீட்டர் மட்டும் இரண்டு.

பூங்கொடி


21.2.2025

அன்புள்ள பூங்கொடி அக்காவுக்கு,

நேற்று மீட்டர் வைத்தார்கள். கம்பத்திலிருந்து சுண்டுவிரல் பருமனுக்கு ஒயர். சாயந்தரம் தெருவே மோட்டார் போட்டது. மிஷின் ஒரு சத்தம் போடவில்லை. இவர் குழாயோடு உட்கார்ந்து வலை முடிச்சுப் போட்டார். ஒரு முடிச்சுத்தான், ஆனால் போட்டார்.

கையெழுத்தைக் காட்டினேன். "அண்ணி எழுத்துல கொம்பெல்லாம் கொம்பாவே இருக்கு" என்றார்.

உங்களுக்கும் இனித் தொல்லை இல்லை. எங்கள் வீட்டில் எதைப் போட்டாலும் உங்கள் பல்பு மங்காது. நிம்மதியாக இருங்கள்.

வாளியில் வெல்ல அதிரசம்.

அஞ்சுகம்


1.3.2025

அஞ்சுகத்துக்கு,

அதிரசம் மெத்தென்று இருந்தது. குறை சொல்ல இடம் தேடினேன், கிடைக்கவில்லை.

தம்பி முடிச்சுப் போட்டதைக் கேட்டு அம்மனுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். அது நிஜமான சந்தோஷம். இனிமேல் எழுதப்போவதை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

என் பல்பு மங்குவதே இல்லை. ராத்திரி பகலாக ஒரே மாதிரி எரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நீ கேட்டாயே, எல்.இ.டி. ஏன் மாட்டவில்லை என்று. பாரதிப்ரியா வாங்கிக் கொடுத்த அன்றே மாட்டிப் பார்த்தேன். கரண்டு ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறது. கழற்றிவிட்டேன். குண்டு பல்பில்தான் நீ எழுந்தது தெரியும். விடியலில் ஒரு மங்கல், அது சட்னி. பத்துமணிக்கு ஒரு மங்கல், மசாலா. பொங்கலன்றைக்கு மங்கி மங்கித் தெளிந்தது, வடைக்கு அரைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கார்த்திகையிலிருந்து நீ என்னோடு பேசவில்லை, ஆனால் நான் உன்னை விட்டு ஒரு நாளும் இருக்கவில்லை.

இப்போது பின்கட்டுக்குப் போகிறேன், வருகிறேன். பார்க்க ஒன்றும் இல்லை. திரும்பவும் போகிறேன்.

சும்மா எழுதினேன். பதில் வேண்டாம். வாளியில் இறால் தொக்கு.

பூங்கொடி


9.3.2025

அஞ்சுகத்துக்கு,

வாளி அப்படியே தொங்குகிறது. தொக்கில் எறும்பு ஏறிவிட்டது. கோபமா? நான் எழுதினதில் என்ன தப்பு?

இதை எழுதிவிட்டு மடிக்கும் முன்னால் மீன் வாங்க சந்திரலேகா வந்தாள். "பின்வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருக்கு பெரியம்மா? அஜ்மீர் ஆட்டோலதானே போனாங்க? ஒரு வாரமா வீடு பூட்டிக் கெடக்கே" என்றாள். எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இப்ப பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

முன்னே என்றால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாள் முழுக்க மங்காத பல்பைப் பார்த்து அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். இப்போது நீ இருந்தாலும் அதே வெளிச்சம், போனாலும் அதே வெளிச்சம்.

இந்தக் காகிதத்தையும் மரத்தில் மாட்டுகிறேன். எப்போது வந்தாலும் முதலில் இதைப் பார்.

பூங்கொடி


14.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று சாயந்தரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தோம். நீங்கள் தொக்கு மாட்டின அன்று ராத்திரி இவருக்குக் காய்ச்சல் கூடி நெஞ்சில் சளி கட்டிவிட்டது. விடிகிறதற்குள் கிளம்பினோம். உங்கள் கதவைத் தட்டக் கை போனது. சத்தியம் நினைவுக்கு வந்து எடுத்துக்கொண்டேன். எழுதி மாட்ட நேரம் இல்லை. இப்போது இவர் தேறிவிட்டார். வந்ததும் மிஷினோடு உட்கார்ந்து, "அண்ணி தொக்கு வச்சிருந்துச்சாமே, எறும்புக்குக் குடுத்துட்டியா?" என்று என்னைத் திட்டினார்.

வாளியோடு இரண்டு காகிதம் இருந்தது. இரண்டையும் படித்தேன். இரண்டாவதை இவருக்குப் படித்துக் காட்ட முடியவில்லை. அவரே வாங்கிப் படித்தார்.

இன்று காலையில் காதர் பாட்சாவை வரச்சொன்னேன். மிஷின், பேன், விளக்கு எல்லாம் புது மீட்டரிலேயே இருக்கட்டும், மிக்ஸியை மட்டும் பழைய ஒயரில் வையுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுருளத்தான் வெட்டியாச்சே, இப்ப ஒயரு நீளம் கொறவு. அங்க மங்குறது அவ்வளவாக் கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றார். அப்படியென்றால் வெட்டினதைத் திரும்பச் சேருங்கள் என்றேன். "நீளத்தக் கொறைக்கத்தான் எல்லாரும் என்னைக் கூப்புடுவாங்க. கூட்டுறதுக்குக் கூப்புட்டது நீங்க ஒருத்தர்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மிக்ஸி ஒன்றுக்கு மட்டும் என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை, ஒழுங்காகச் சேர்த்து மூடிக் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருவார். ஆணியில் இருக்கிற சுருளை எடுத்துக் கொடுங்கள். மூத்தவர் மாட்டினபடியே மாட்டட்டும்.

சத்தியம் சத்தியம்தான், அதை நான் மீறமாட்டேன். மிக்ஸி போடுவது பேச்சிலும் சேராது, எழுத்திலும் சேராது.

அஞ்சுகம்


16.3.2025

அஞ்சுகத்துக்கு,

சுருள் மறுபடி ஆணியில் ஏறிவிட்டது. காதர் பாட்சா முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். காபி கொடுத்து அனுப்பினேன்.

இன்று விடியலில் பல்பு இரண்டு தரம் மங்கியது. முதல் தரம் நிதானமாக மங்கி, நிதானமாகத் தெளிந்தது. அது சட்னி, தெரியும். இரண்டாவது தரம் கண் சிமிட்டுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் ஒரு மிளகைக்கூட அரைக்க முடியாது.

அது எதற்கு? வாளி மரத்தில் இருக்கிறது. எழுது.

பூங்கொடி